காற்று எந்த ஒளியை விடும், எதைப் பிடித்துக்கொள்ளும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரவில் நிமிர்ந்து பார்த்தால் நட்சத்திரம் தெரிகிறது. அதை வைத்துக் காற்று எதையும் மறைப்பதில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் காமா கதிரில் தொடங்கி நீண்ட ரேடியோ அலை வரை உள்ள மின்காந்த அலைகளில் பலவற்றுக்குக் காற்று ஒரு சுவர். நம் கண், அந்தச் சுவரில் இருக்கும் ஒரு ஜன்னல் வழியாக மட்டும் பார்த்துப் பழகியது. இதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு என்னால் முடிந்த அளவு பதில் எழுதியிருக்கிறேன்.

காற்று ஒளியை உட்கவர்கிறது என்கிறார்கள். பிடிபட்ட ஒளி எங்கே போகிறது?

ஒளி ஃபோட்டான் எனும் சிறு பொட்டலங்களாக வருகிறது. அலைநீளம் குறையக் குறைய ஒரு பொட்டலத்தில் அடங்கிய ஆற்றல் கூடும். காற்று மூலக்கூறு கறாரான பேர்வழி. கண்டக்டரிடம் சரியான சில்லறை கொடுப்பது போல, தனக்குத் தோதான அளவில் வரும் பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும், மற்றதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

நுண்ணலையின் சிறிய ஆற்றல் மூலக்கூறைச் சுழற்றிவிடப் போதும். அகச்சிவப்பு, அணுக்களுக்கு இடையே உள்ள பிணைப்பைச் சுருள்வில் மாதிரி அதிரவைக்கும். புற ஊதா, எலக்ட்ரானை மேல்படிக்கு ஏற்றும், சில சமயம் மூலக்கூறையே இரண்டாக உடைக்கும். எக்ஸ் கதிரும் காமா கதிரும் எலக்ட்ரானை அணுவிலிருந்து பிடுங்கி எறிந்துவிடும். இந்தக் கடைசி வேலைக்கு மட்டும் சில்லறைக் கணக்கு கிடையாது. கையில் எவ்வளவு இருந்தாலும் செல்லும்.

வாங்கிய ஆற்றலை மூலக்கூறு தன்னிடமே வைத்துக்கொள்வதில்லை. அடர்ந்த காற்றில் அது பக்கத்து மூலக்கூறுகளோடு நொடிக்கு கோடிக்கணக்கான முறை மோதுகிறது. மோதலில் ஆற்றல் பகிரப்பட்டு வெப்பமாகிறது. ஒளி மறைந்த இடத்தில் காற்று கொஞ்சம் சூடாகியிருக்கும்.

வானம் நீலமாக இருப்பதும் இதனால்தானா?

இல்லை, அது சிதறல். ஃபோட்டான் பிடிபடவில்லை, திசை மாறிப் போகிறது, அவ்வளவுதான். குறுகிய அலை அதிகம் சிதறும் என்பதால் நீலம் வானமெங்கும் பரவுகிறது. பாடப்புத்தகத்தில் ராலே சிதறல் என்று படித்திருப்பீர்கள்.

இதில் ஒரு ருசியான விதிவிலக்கு உண்டு. சூரியன் மறைந்த பிறகு தலைக்கு நேர் மேலே தெரியும் ஆழ்ந்த நீலத்தைச் சிதறல் மட்டும் தருவதில்லை. அந்நேரம் ஒளி ஓசோன் படலத்தைச் சாய்வாக, வெகுதூரம் கடந்து வருகிறது. ஓசோன் ஆரஞ்சு, மஞ்சள் நிறங்களை லேசாக உட்கவரும். பகலில் கண்ணுக்கே தெரியாத அந்த வேலை, அந்தி வேளையில் பாதை நீள்வதால் பளிச்சென்று தெரிகிறது.

எக்ஸ் கதிர் சதையையே துளைத்து எலும்பைக் காட்டுகிறது. காற்றைத் துளைக்காதா?

ஓர் அறை அளவு காற்றைத் துளைக்கும். வளிமண்டலம் முழுவதையும் துளைக்காது. நம் தலைக்கு மேல் உள்ள காற்றின் எடையைக் கூட்டிப் பார்த்தால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் சுமார் 1 கிலோகிராம் வரும். அது 10 மீட்டர் ஆழத் தண்ணீருக்குச் சமம். மார்புப் படம் எடுக்கும் கதிர் கடப்பது ஓர் இருபது, முப்பது சென்டிமீட்டர் உடம்பை. அதிலேயே பெரும்பகுதி தேய்ந்துபோகிறது. 10 மீட்டர் தண்ணீருக்கு அடியில் அதைத் தேடிப் பயனில்லை.

விண்ணிலிருந்து வரும் ஆற்றல் குறைந்த எக்ஸ் கதிர்கள் 100 கிலோமீட்டர் உயரத்தை ஒட்டியே நின்றுவிடுகின்றன. அதனால் எக்ஸ் கதிர் வானியலே ராக்கெட் வந்த பிறகுதான் பிறந்தது. 1962 ஜூன் 18 அன்று ரிக்கார்டோ ஜியாக்கோனியின் குழு ஒரு சிறு ராக்கெட்டை நியூ மெக்சிகோவிலிருந்து ஏவியது. நிலாவிலிருந்து எக்ஸ் கதிர் வருகிறதா என்று பார்ப்பதாகத் திட்டம். ராக்கெட் காற்றுக்கு மேலே இருந்தது சில நிமிடங்கள் மட்டுமே. அதற்குள் விருச்சிக விண்மீன் கூட்டத்தின் திசையில் யாரும் எதிர்பாராத ஒரு பிரகாசமான மூலம் அகப்பட்டது. 2002இல் ஜியாக்கோனிக்கு நோபல் பரிசு கிடைத்தது.

காமா கதிருக்கும் இதே கதிதான். ஆனால் மிக உயர்ந்த ஆற்றல் கொண்ட காமா கதிர் சாகும்போது சும்மா சாவதில்லை. மேல்காற்றில் மோதித் துகள் மழையாகச் சிதறும். அந்தத் துகள்கள் காற்றில் ஒளி செல்லும் வேகத்தை மிஞ்சி ஓடுவதால், நொடியில் நூறு கோடியில் சில பங்கு நேரமே நீடிக்கும் நீல மின்னல் ஒன்று எழும். செரன்கோவ் ஒளி என்று பெயர். 1989இல் அரிசோனாவின் விப்பிள் தொலைநோக்கி இந்த வழியில் நண்டு நெபுலாவைக் கண்டது. தடுக்கும் சுவரையே கருவியாக்கிய யுக்தி எனக்கு மிகவும் பிடித்தது.

ஓசோன் படலம் எவ்வளவு தடிமன்?

தரையிலிருந்து சுமார் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் பரவிக் கிடக்கிறது. ஆனால் அதிலும் ஓசோன் லட்சத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அவ்வளவையும் திரட்டித் தரைமட்ட அழுத்தத்துக்குக் கொண்டுவந்து விரித்தால் தடிமன் 3 மில்லிமீட்டர். இரண்டு நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்த உயரம்தான்.

அந்த 3 மில்லிமீட்டர் செய்யும் வேலையை எண்களில் பார்த்தால்தான் புரியும். சூரியன் உச்சியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 320 நானோமீட்டர் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்) அலைநீளத்தில் ஓசோன் ஏறக்குறைய கால்வாசியைத்தான் பிடிக்கிறது. 300இல் நூற்றுக்கு நான்கைந்து ஃபோட்டான்தான் தப்புகிறது. 290இல் லட்சத்துக்கு ஒன்று. 250இல் கணக்குப் போடுவதே வீண். வெறும் 30 நானோமீட்டர் இடைவெளியில் கதவு திறந்த நிலையிலிருந்து இறுக மூடிய நிலைக்குப் போய்விடுகிறது.

நம் மரபணுப் பொருளான டிஎன்ஏ மிக அதிகமாக உட்கவரும் அலைநீளம் 260 நானோமீட்டர் சுற்றுவட்டாரம். ஓசோன் மிக அதிகமாக உட்கவர்வது 255 அருகே. ஓசோன் நம்மைக் காக்கவே படைக்கப்பட்டது என்று சிலர் உருகுவதுண்டு. தரையில் உயிர் பரவியது ஓசோன் வந்த பிறகுதான் என்று திருப்பிப் பார்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓசோனை உண்டாக்குவதும் புற ஊதாவே. 242 நானோமீட்டருக்குக் கீழ்ப்பட்ட ஒளி ஆக்சிஜன் மூலக்கூறை உடைக்கும். பிரிந்த அணு இன்னொரு ஆக்சிஜன் மூலக்கூறோடு ஒட்டிக்கொள்ள, ஓசோன் பிறக்கிறது. அது அடுத்த ஃபோட்டானை வாங்கி உடைகிறது, மறுபடி சேர்கிறது. இந்தச் சுற்றில் வெளிப்படும் வெப்பத்தால், மேலே போகப் போகக் குளிர வேண்டிய காற்று அங்கே தலைகீழாகச் சூடேறி, 50 கிலோமீட்டர் உயரத்தில் 0 டிகிரி செல்சியஸை ஒட்டி வருகிறது.

குளிர்பதனப் பெட்டிகளில் இருந்த குளோரோஃபுளோரோகார்பன் இந்தச் சுற்றைக் கெடுக்கும் என்று 1974இல் மொலினா, ரோலண்ட் என்ற வேதியியலாளர்கள் எச்சரித்தார்கள். அண்டார்க்டிகாவுக்கு மேலே ஓசோன் கடுமையாகக் குறைவதை 1985இல் ஃபார்மன், கார்டினர், ஷாங்ளின் மூவரும் வெளியிட்டார்கள். 1987இல் அப்படிப்பட்ட வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அறிவியலாளர் சொல்லி உலகம் கேட்ட அரிய சந்தர்ப்பம்.

அப்படியானால் வெயிலில் தோல் கருகுவது ஏன்?

ஓசோன் எல்லாப் புற ஊதாவையும் பிடிப்பதில்லை. 100–280 நானோமீட்டர் வரை உள்ள யூவி-சி முழுதாக நின்றுவிடும். 280–315 வரை உள்ள யூவி-பி கொஞ்சம் வரும், தோலை எரிப்பது முக்கியமாக அதுதான். 315–400 வரை உள்ள யூவி-ஏ தாராளமாக இறங்கிவரும். சூரியன் சாய்ந்தால் ஓசோன் வழியே பாதை நீள்கிறது, யூவி-பி சட்டென்று குறைகிறது. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கிறதா? அப்போது கவனமாக இருங்கள். இதைவிட எளிய அளவுகோல் கிடையாது. சாதாரண ஜன்னல் கண்ணாடி யூவி-பியை நிறுத்தும், யூவி-ஏவில் பெரும்பகுதியை விட்டுவிடும்.

கண்ணுக்குத் தெரியும் ஒளியாவது முழுசாக வருகிறதா?

கிட்டத்தட்ட. சூரிய ஒளியை வண்ணப்பட்டையாக விரித்தால் இடையிடையே மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரியும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஹோஃபர் அவற்றுக்கு எழுத்து எழுத்தாகப் பெயர் வைத்தார். பெரும்பாலானவை சூரியனின் வெளிப்படலத்தில் உண்டானவை. ஆனால் சிவப்பு ஓரத்தில் இருக்கும் 'ஏ' கோடும் (760 நானோமீட்டர்) 'பி' கோடும் (687) சூரியனுடையவை இல்லை. நாம் மூச்சுவிடும் ஆக்சிஜன் போட்ட கோடுகள்.

எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்றால், சூரியன் தொடுவானத்தை நோக்கி இறங்க இறங்க இக்கோடுகள் மட்டும் கறுத்துத் தடித்தன. சூரியன் மாறவில்லை, இடையில் இருந்த காற்றுதான் கூடியது. உச்சியில் பார்ப்பதைவிடத் தொடுவானத்தில் ஏறக்குறைய 38 மடங்கு காற்றை ஒளி கடக்க வேண்டும்.

சூரியன் அதிகம் தரும் ஒளியையே நம் கண் பார்க்கிறது என்பது சரிதானே?

பாதிச் சரி. நம் பார்வை நீரில்தான் உருவானது, நீரும் இதே சிறு பகுதியில்தான் தெளிவாக இருக்கிறது. அகச்சிவப்பில் ஒரு சாண் தண்ணீரே இருட்டு. சூரியன், காற்று, நீர் மூன்றும் ஒத்துப்போன இடத்தில் கண் அமைந்தது என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்வேன்.

காற்றில் 99 சதவீதம் நைட்ரஜனும் ஆக்சிஜனும். பசுமைக்குடில் விளைவு என்று ஏன் மீதிச் சொச்சத்தைக் குற்றம் சொல்கிறார்கள்?

இந்தப் பக்கத்திலேயே நல்ல கேள்வி இதுதான். நைட்ரஜனும் ஆக்சிஜனும் இரட்டையர் மூலக்கூறுகள். ஒரே மாதிரி இரண்டு அணு, மின்னூட்டம் சமமாகப் பங்கிடப்பட்டது. அது அதிர்ந்தாலும் ஒரு பக்கம் நேர்மின், மறுபக்கம் எதிர்மின் என்று பிரிவதில்லை. அகச்சிவப்பு அலைக்குப் பிடித்து உலுக்க ஒரு கைப்பிடி வேண்டும், இங்கே அது இல்லை. நீராவி, கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், ஓசோன் எல்லாம் வளைந்தோ நீண்டோ அதிரும்போது கைப்பிடி முளைத்துவிடுகிறது. கார்பன் டை ஆக்சைடுக்கு 4.3, 15 மைக்ரானில் (ஒரு மைக்ரான் என்பது ஆயிரம் நானோமீட்டர்), நீராவிக்கு 6.3 மைக்ரான் உட்படப் பல இடங்களில், ஓசோனுக்கு 9.6இல்.

1856இல் யூனிஸ் ஃபுட் என்ற அமெரிக்கப் பெண்மணி, கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்து, கார்பன் டை ஆக்சைடு இருந்த குழாய் அதிகம் சூடேறியதைப் பதிவு செய்தார். 1859 முதல் லண்டனில் ஜான் டிண்டல் வெப்பக் கதிரைத் தனியே பிரித்து, எந்த வாயு எவ்வளவு பிடிக்கிறது என்று அளந்தார். நைட்ரஜனும் ஆக்சிஜனும் ஏறக்குறைய எதையுமே பிடிக்காதது அவரையே வியக்கவைத்தது.

சூரியன் ஒளியை முக்கியமாக 0.5 மைக்ரான் அருகே அனுப்புகிறது, பூமி தன் வெப்பத்தை 10 மைக்ரான் அருகே திருப்பி அனுப்புகிறது. உள்ளே வரும் வழி திறந்திருக்கிறது, வெளியே போகும் வழி பாதி அடைத்திருக்கிறது. பூமியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 18 டிகிரியில் நிற்காமல் 15 டிகிரியை ஒட்டி இருப்பது இதனால்தான்.

அந்தப் பாதி திறந்த வழியை நேரில் பார்க்க முடியுமா?

பார்க்கலாம், செலவும் அதிகமில்லை. பாத்திரம், இயந்திரம் முதலியவற்றின் சூட்டைத் தொடாமல் அளக்கும் துப்பாக்கி வடிவ வெப்பமானி இருக்கிறதே, அதன் கையேட்டில் பெரும்பாலும் 8–14 மைக்ரான் என்று போட்டிருக்கும். அதுதான் அந்த ஜன்னல். இரவில் மேகமில்லாத வானத்தை நோக்கி அழுத்திப் பாருங்கள். உங்களைச் சுற்றியுள்ள காற்று 28 டிகிரி இருக்கும்போதே திரையில் அதைவிட வெகு குறைவான எண் வரும், காற்று வறண்டிருந்தால் உறைநிலைக்கும் கீழே போகும். கருவி வானத்தின் குளிர்ந்த உயரங்களை எட்டிப் பார்க்கிறது. ஒரு மேகம் குறுக்கே வரட்டும், எண் சட்டென்று ஏறும். ஜன்னலில் திரை போட்டாயிற்று. மேகமூட்டமான இரவு புழுங்குவதற்கும் தெளிந்த இரவில் பனி இறங்குவதற்கும் காரணம் அதே திரைதான். (பகலில் செய்தால் சூரியன் பக்கம் காட்டாதீர்கள். நெற்றியில் வைக்கும் காய்ச்சல் வெப்பமானி வேண்டாம், அது வெறுமனே 'குறைவு' என்று காட்டி நின்றுவிடும்.)

கார்பன் டை ஆக்சைடு 15 மைக்ரானில் ஏற்கெனவே எல்லாவற்றையும் பிடித்துவிட்டதாமே. இன்னும் சேர்ந்தால் என்ன வந்துவிடும்?

1900இல் கனுட் ஆங்ஸ்ட்ரோம் என்ற ஸ்வீடன் இயற்பியலாளர் எழுப்பிய வாதம் இது, இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கேட்கும்போது நியாயமாகவே தோன்றும். ஓட்டை, வளிமண்டலத்தை ஒரே கண்ணாடித் தகடாக நினைப்பதில் இருக்கிறது.

பிடித்த மூலக்கூறு திரும்ப உமிழவும் செய்கிறது. ஓர் அடுக்கு பிடிக்கிறது, உமிழ்கிறது, மேலடுக்கு பிடிக்கிறது, உமிழ்கிறது. இப்படியே போய், மேலே காற்று மெலிந்த ஓர் உயரத்திலிருந்துதான் வெப்பம் விண்ணுக்குத் தப்புகிறது. செயற்கைக்கோளிலிருந்து 15 மைக்ரானில் பூமியைப் பார்த்தால் தெரிவது தரை இல்லை, மைனஸ் 50 டிகிரி அளவில் இருக்கும் மேல்காற்று. கார்பன் டை ஆக்சைடு கூடினால் அந்தத் தப்பும் உயரம் இன்னும் மேலே, இன்னும் குளிரான இடத்துக்கு நகர்கிறது. குளிர்ந்த காற்று குறைவாகவே உமிழும். உள்ளே வருவது குறையவில்லை, வெளியே போவது குறைந்துவிட்டது. கணக்கு நேராகும் வரை கீழே சூடேறியே தீரும்.

அதோடு 15 மைக்ரானின் நடுப்பகுதி நிரம்பியிருந்தாலும் அதன் இரு ஓரங்கள் நிரம்பவில்லை. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. சந்தேகம் தீராதவர்கள் வெள்ளிக் கோளைப் பார்க்கலாம். அங்கே காற்றில் 96 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, தரையில் 460 டிகிரி.

மழை வந்தால் டிஷ் ஆன்டெனாவில் படம் உறைந்துபோவது ஏன்?

அந்த ஒளிபரப்பு பெரும்பாலும் 10 முதல் 13 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வருகிறது. அலைநீளம் 2, 3 சென்டிமீட்டர். வறண்ட காற்றும் மேகமும் அதை அதிகம் தொடாது. மழைத்துளியின் அளவு அலைநீளத்தை நெருங்கும்போது துளி அலையைக் கொஞ்சம் உட்கவர்ந்து, கொஞ்சம் சிதறடிக்கிறது. முதலில் படத்தில் சிறு சதுரங்கள் தோன்றும், அப்புறம் குரல் விட்டுவிட்டு வரும், அப்புறம் கறுப்புத் திரை. கனத்த மழைமேகம் நகர்ந்ததும் இடி ஓயும் முன்பே படம் திரும்பிவிடும்.

இந்தப் பகுதியில் இரண்டாம் உலகப் போர்க்காலச் சறுக்கல் ஒன்றும் உண்டு. நுட்பமான படம் கிடைக்கும் என்று 1.25 சென்டிமீட்டர் ரேடாரை உருவாக்கினார்கள். நீராவி மூலக்கூறு சுழலும் 22 கிகாஹெர்ட்ஸ் அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. ஈரக் காற்றில் ரேடாரின் பார்வை தூரம் சுருங்கிவிட்டது. 'கே' என்று பெயரிட்ட அந்த அலைவரிசையைப் பின்னர் நடுவில் விட்டுவிட்டு, கீழே 'கேயூ', மேலே 'கேஏ' என்று பிரித்தார்கள். டிஷ் பெட்டியில் வரும் 'கேயூ' அதுதான்.

60 கிகாஹெர்ட்ஸில் ஆக்சிஜன் குறுக்கே நிற்கிறது. கடல்மட்டத்தில் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் காற்று மட்டுமே அலையை முப்பதில் ஒரு பங்காக்கிவிடும். தொலைத்தொடர்புக்கு உதவாத இடம் என்று தோன்றும். ஆனால் தூரத்தில் இருப்பவருக்குக் கேட்காத குறுந்தூர இணைப்புக்கும், தரையிலிருந்து ஒட்டுக்கேட்க முடியாத செயற்கைக்கோள் உரையாடலுக்கும் அதுவே வசதி. வானிலைச் செயற்கைக்கோள்கள் இதே ஆக்சிஜன் உமிழ்வை அளந்து, எந்த உயரத்தில் எவ்வளவு வெப்பம் என்று கணிக்கின்றன.

மைக்ரோவேவ் அடுப்பு நீர் மூலக்கூறின் ஒத்ததிர்வில் இயங்குகிறது என்பது?

தவறு. அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸ். அதில் நீருக்குத் தனிக் கோடு எதுவும் கிடையாது. திரவ நீரின் மூலக்கூறுகள் மாறும் மின்புலத்தோடு திரும்ப முயன்று பின்தங்குவதால் வெப்பம் பிறக்கிறது.

இரவில் மட்டும் தூரத்து ரேடியோ நிலையம் கேட்பதேன்?

60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் 'டி அடுக்கு' என்று ஒன்று பகலில் உருவாகிறது. சூரியனின் புற ஊதாவும் எக்ஸ் கதிரும் அணுக்களிலிருந்து பிடுங்கிய எலக்ட்ரான்கள் அங்கே மிதக்கும். மத்திய அலை வந்தால் எலக்ட்ரான்கள் அசைந்து, பக்கத்து மூலக்கூறுகளில் மோதி, அலையின் ஆற்றலை வெப்பமாக்கிவிடும். சூரியன் மறைந்ததும் எலக்ட்ரான்கள் மறுபடி சேர்ந்துகொள்ள, டி அடுக்கு கரைகிறது. அலை மேலே போய், இன்னும் உயர்ந்த அயனி அடுக்கில் பட்டுத் திரும்பி, ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இறங்குகிறது.

மேலே எக்ஸ் கதிர் பிடிபட்ட கதையின் மறுபாதி இது. ஓர் அலையை உட்கவர்ந்ததன் தழும்பு, வேறொரு அலையை உட்கவர்கிறது. சூரியனில் பெரிய வெடிப்பு நடந்தால், அந்த எக்ஸ் கதிர் வந்துசேர்ந்த உடனே பகல் பக்கத்தில் சிற்றலை வானொலி அடங்கிவிடுவதும் இதனால்தான்.

வானியலாளர்கள் மலை உச்சிக்கு ஓடுவது காற்று மெலிந்திருக்கும் என்பதற்காகவா?

முக்கியமாக நீராவிக்கு மேலே போக. நீராவியில் பெரும்பகுதி கீழே ஓரிரு கிலோமீட்டருக்குள் தங்கிவிடுகிறது. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் 5,000 மீட்டர் உயரத்தில் அல்மா தொலைநோக்கியை வைத்தது மில்லிமீட்டர் அலைகள் அங்கே இறங்கிவருவதால். சோஃபியா என்ற தொலைநோக்கியை விமானத்தில் ஏற்றி 12 கிலோமீட்டருக்கு மேல் பறக்கவிட்டார்கள். 2022இல் அது ஓய்வுபெற்றது.

சில அலைநீளங்களுக்கு மலையும் போதாது, விமானமும் போதாது. 2022இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, சுமார் 700 ஒளியாண்டு தொலைவில் உள்ள வாஸ்ப்-39பி என்ற கோள் தன் சூரியனைக் கடக்கும்போது, அக்கோளின் காற்றை ஊடுருவி வந்த ஒளியை அலசியது. 4.3 மைக்ரானில் ஒளி குறைந்திருந்தது. கார்பன் டை ஆக்சைடு அங்கே இருக்கிறது என்று அர்த்தம். இதைத் தரையிலிருந்து பார்க்கவே முடியாது. அந்த ஒளி 700 ஆண்டு பயணம் செய்து நம் வாசல் வரை வந்தாலும், 4.3 மைக்ரானில் நம் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு அதைப் பிடித்துவிடும்.